தீர்ப்பின் மறுபாதி நம்ம கையில்!



கோர்ட் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாவில் சுத்தியலால் தட்டி "ஆர்டர், ஆர்டர்" என்று சொல்ற ஜட்ஜ். இல்லன்னா பாரிமுனை பக்கம் பஸ்ஸில் போகும்போது தெரியற பெரிய சிவப்புக் கட்டிடம். "அது பெரியவங்க விஷயம், சொத்துத் தகராறு இருக்கறவங்க போற இடம்" என்று விட்டுடறோம். இது சரியில்லை என்பதுதான் என் கருத்து. நாம படிக்கிற புத்தகத்திலும், நாளைக்குச் சேரப் போற கல்லூரியிலும் கோர்ட் தீர்ப்பு இருக்கு. மூன்று தீர்ப்புகளைச் சொல்றேன், நீங்களே பாருங்க.

1. கிண்டியில் ஒரு சீட் (1951)

அடையாறு, சைதாப்பேட்டை பக்கம் போறவங்க கிண்டி பொறியியல் கல்லூரியைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கல்லூரியில் இடம் கேட்டு சீனிவாசன் என்பவரும், மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய செண்பகம் துரைராஜன் என்பவரும் 1950-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாங்க. அப்போ சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. ஒவ்வொரு 14 இடத்தையும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டவர்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்துக் கொடுத்தாங்க. சீனிவாசனுக்காக வாதாடியவர் நம்ம மயிலாப்பூரில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவில் இருந்தவரே அவர்தான்!

உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9-ம் தேதி உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அத்தோடு கதை முடிஞ்சதா? இல்லை. பல தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவங்க வீட்டுப் பிள்ளைகள் எப்படி மேலே வருவாங்க என்று தமிழ்நாட்டில் பெரிய போராட்டம் நடந்தது. பெரியார் அதில் முன்னால் நின்றார். அதே வருஷம் ஜூன் மாதம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே முதல் திருத்தம் வந்தது. பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) என்கிற பிரிவு அப்போது சேர்ந்ததுதான்.

கோர்ட் ஒன்று சொன்னது, ஜனங்க யோசிச்சாங்க, பேசினாங்க, சட்டமே மாறியது. தீர்ப்பு என்பது ஒரு பாதிதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

2. நம்ம பைக்குள்ள இருக்கிற புத்தகம் (2011)

முன்பு தமிழ்நாட்டில் ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், கீழ்த்திசை என்று நான்கு வகைப் பாடத்திட்டம் இருந்தது. ஒரே தெருவில் இருக்கிற இரண்டு பிள்ளைகள் வேற வேற கணக்கு, வேற வேற அறிவியல் படிச்சாங்க. எல்லோருக்கும் ஒரே பாடம் என்று 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011-ல் ஆட்சி மாறியதும் அதைத் தள்ளி வைக்கத் திருத்தம் கொண்டு வந்தாங்க. புத்தகம் தயாராக இருந்தும், பள்ளி திறந்தும், பிள்ளைகள் கையில் பாடப் புத்தகம் இல்லை! ஜூலை 18-ல் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம், 10 நாளுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்தணும் என்று உத்தரவு போட்டது.

அன்னிக்கு அந்தத் தீர்ப்பு வரலைன்னா, தி.நகர் மெட்ரிக் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் படிக்கிற எனக்கும் இன்னிக்கு ஒரே புத்தகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

3. ஏழரை சதவீதம் (2022)

இதுதான் நமக்கு ரொம்ப முக்கியம். தயவுசெய்து அவசரப்படாமல் படிங்க.

2019-ல் நீட் எழுதி அரசு இடத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் எண்ணிக்கை பத்தைக் கூடத் தொடவில்லை. நீதிபதி கலையரசன் குழு ஆராய்ந்து 10 சதவீதம் தரலாம் என்றது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்து 2020-ல் சட்டம் கொண்டு வந்தது. அந்த ஒரே வருஷத்தில் சுமார் 400 மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. 2021-ல் பொறியியல், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே போல 7.5 சதவீதம் வந்தது.

இதை எதிர்த்து வழக்குப் போட்டாங்க. 2022 ஏப்ரல் 7-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதுவரைக்கும் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் அந்தத் தீர்ப்பில் இன்னொரு பகுதியும் இருக்கு. இந்த ஒதுக்கீட்டை 5 ஆண்டுகளில் மறு ஆய்வு செய்யணும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தணும் என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கு.

விரல் விட்டு எண்ணிப் பாருங்க. ஐந்து ஆண்டு 2027-ல் முடியுது. இப்போது ஒன்பதாவது படிக்கிற நாம பன்னிரண்டாவது எழுதுறதுக்கு முன்னாடியே அந்தத் தேதி வந்துடும். இது நமக்குச் சம்பந்தம் இல்லாத விஷயமா?

இன்னொன்று. இந்த ஒதுக்கீடு வேணும்னா ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். "பத்தாவதுக்கு மட்டும் பிரைவேட்ல சேர்த்துடலாம்" என்று நிறைய வீட்டில் பேச்சு நடக்குது. கடன் வாங்கிக்கூட சேர்க்கிறாங்க. அப்படிப் போனால் இந்த உரிமை போயிடும். உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் அப்படித்தான். போறதும் இருக்கிறதும் அவங்கவங்க வீட்டு முடிவு. ஆனால் தெரியாமல் போகக்கூடாது. என் தோழி ஒருத்தியின் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இதை யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே கண்ணு" என்றாங்க. மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு போடணும் என்று ஆசைப்படுற ஒரு பெண்ணுக்கு, தெரியாததால் கதவு மூடிக்கொண்டால் எவ்வளவு பெரிய நஷ்டம்!

"அப்போ கோட்டாவில் வந்தவதானே" என்று சிலர் கேலி செய்வாங்க. இந்த ஒதுக்கீட்டில் போறவங்களும் நீட்டில் தேர்ச்சி பெற்றுத்தான் போறாங்க. லட்சக்கணக்கில் கோச்சிங் பணம் கட்டி எழுதுறவங்களும், டிபன் கடையில் அம்மாவுக்கு மாவாட்டிக் கொடுத்துட்டு வந்து எழுதுறவங்களும் ஒரே கோட்டில் ஓட ஆரம்பிக்கலை. அதைக் கணக்கில் எடுப்பது சலுகை இல்லை, நியாயம்.

சரி, நாம என்ன செய்யலாம்? நாம பதினாலு வயசுப் பிள்ளைங்க, நாமாகவே தனியாக கேஸ் போட முடியாது. ஆனால் கேட்க முடியும். தரத்தை உயர்த்தணும் என்று கோர்ட்டே சொன்ன பிறகு, ஆய்வகத்தில் நாமே கையால் சோதனை செய்து பார்க்கணும், நூலகப் பீரியடில் புத்தகம் கையில் தரணும் என்று கேட்பது அடம் பிடிப்பது ஆகாது. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்குப் போகும்போது நம்ம அம்மா அப்பா இதைப் பற்றிப் பேசணும். அவங்களுக்கு எடுத்துச் சொல்ற வேலை நம்முடையது.

சமூக அறிவியல் டீச்சருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். தீர்ப்புகளை வருஷம், பெயர் என்று ஒரு மார்க் கேள்விக்காக மட்டும் படிக்கிறோம். மாதம் ஒரு பீரியட், ஒரு தீர்ப்பை எடுத்து நாங்களே இரண்டு பக்கமும் வாதாடிப் பார்க்க அனுமதி தாருங்கள்.

கோர்ட் எழுதுவது ஒரு பாதி. மறுபாதியை எழுத வேண்டியது நாம்.

தெரிந்து கொள்வோம்! வீட்டில் சொல்வோம்! தைரியமாகக் கேட்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி