பெயரில் உடைந்த எழுத்துகள்

இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் ஆசிரியராக இருந்து, பின்னாளில் இப்பேட்டையிலேயே சாது அச்சுக்கூடத்தையும் நடத்தி, 1953-ஆம் ஆண்டில் மறைந்த திரு.வி.க.வின் நூல்கள் நாட்டுடைமையாகி, விக்கிமூலம் முதலிய தளங்களில் எவரும் இறக்கிக்கொள்ளும்படி இன்று கிடைப்பது தமிழருக்கு வாய்த்த பெரும் பாக்கியம். இத்தகைய நூல்களைப் பலவாக இறக்க விரும்புவோர், முகவரிகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி, கட்டளைத் திரையில் டபிள்யூகெட் என்னும் கருவியிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கம். குரோவேஷியரான ஹெர்வோயே நிக்ஷிச் 1996-இல் வெளியிட்ட அக்கருவி, நடுவில் மின்சாரமோ இணைப்போ போனாலும், மறுபடி ஏவுகையில் 'சி' என்ற குறியைச் சேர்த்தால், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

எங்கள் தெருவில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, தன் வீட்டு உபுண்டு கணினியில் அவ்வாறு இறக்கிவிட்டு, "மாமா, எல்லா ஃபைலும் கெட்டுப்போச்சு, பேரே படிக்க முடியல" என்று கலங்கி வந்தாள். போய்ப் பார்த்தேன்; நூல்கள் பழுதின்றித் திறந்தன. பெயர்களில் மட்டும் ஓரெழுத்து முழுதாகவும், அடுத்த எழுத்து கட்டங்களும் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாகச் சிதறியும் நின்றன.

'முருகன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். உகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலால், இந்த நான்கெழுத்துப் பெயர் 21 பைட் ஆகிறது. மகரம் 224, 174, 174 என்றும், ககரம் 224, 174, 149 என்றும் அமைகின்றன. எட்டு பிட் குறிமுறைகள் ஆண்ட நாளில், 128 முதல் 159 வரையிலான இடங்கள் திரைமுனையங்களுக்கான கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தமையால், கோப்புப் பெயரில் அவ்வெண் எது வந்தாலும் அதனை அபாயமென்று கருதி, விழுக்காட்டுக் குறியிட்டு மாற்றி எழுதுவது இக்கருவியின் இயல்பு. ககரத்தின் கடைசி பைட்டாகிய 149 அந்த எல்லைக்குள் சிக்கி, பதினாறடிமான எண்ணான 95 ஆக வெளிப்படுகிறது, மகரம் தப்பிவிடுகிறது. இக்கணக்கின்படி உயிரெழுத்துகள் பன்னிரண்டும், க, ங, ச, ஞ, ட ஆகியனவும், புள்ளியும் உடைபட, ண, த, ந, ப, ம முதலியன பிழைக்கின்றன. அச்சுக்கோப்பவரின் எழுத்துப் பெட்டியில் சில அறைகளை மட்டும் யாரோ பூட்டிவிட்டாற்போல.

இதனை அறியாத அன்பர் பலர், தமிழ்ப் பெயரே தொல்லைக்குக் காரணமென்று முடிவு செய்து, நூல்களுக்கு ஆங்கில எழுத்தில் அரைகுறைப் பெயர்களைச் சூட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் சிறிதும் சம்மதமில்லை. ழகரமும் ளகரமும் ஒன்றாகி, குறிலும் நெடிலும் கலந்து, தேடுவோர் கண்ணுக்கு அந்நூல் அகப்படாமலே போகும். ஆசிரியர் தம் நூலுக்கு இட்ட பெயரை மாற்ற நமக்கு உரிமையும் இல்லை. பரிகாரமோ வெகு சுலபம். கோப்புப் பெயர்க் கட்டுப்பாட்டுக்கான விருப்பத்தில் 'நோகன்ட்ரோல்' என்ற மதிப்பைக் கொடுத்தால், பெயர் சிதையாமல் வந்து சேரும். அதையே கருவியின் அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதி வைத்தால், ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்ய வேண்டிய சிரமமும் இராது. ஏற்கெனவே இறங்கியவற்றை மீண்டும் இறக்க வேண்டியதில்லை. பெயரை மட்டும் திருத்தினால் போதும்.

மிக நீண்ட தலைப்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. லினக்ஸ் கணினிகளின் வழக்கமான கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்டே இடமாதலால், 85 தமிழ்க் குறிகளைத் தாண்டும் தலைப்பு அதில் அடங்காது. அத்தகைய நூலுக்கு மட்டும், பெரிய 'ஓ' விருப்பத்தின் வழியாகச் சுருக்கமானதொரு பெயரை நாமே கொடுக்க வேண்டும். அதையும் தமிழிலேயே கொடுக்கலாம்.