ஜன்னலைத் திறப்பதும் ஊழியமே



வியாதியாய் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பதை நாம் ஊழியமாகவே எண்ணுகிறோம். நல்லதுதான். ஆனால் அந்த அன்புக்கு ஒரு ஒழுங்கும் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் டுகேலா ஃபெர்ரி என்று ஒரு சிற்றூர். ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரிகள் தொடங்கிய மருத்துவமனை அங்கே இருக்கிறது. 2005, 2006-ஆம் ஆண்டுகளில், எச்.ஐ.வி.க்கு மருந்து எடுத்துத் தேறிவந்த சிலர் அங்கே காசநோயால் இறந்துபோனார்கள். சளியைச் சோதித்தார்கள். முக்கியமான மருந்துகள் எதற்குமே அடங்காத காசநோய் 53 பேருக்கு இருந்தது. அவர்களில் 52 பேர் மரித்தார்கள். பாதிப்பேர் சளி கொடுத்த சுமார் 16 நாட்களுக்குள் போய்விட்டார்கள். சோதனை முடிவு வரவோ பல வாரங்கள் ஆகும்.

மருந்தைப் பாதியில் விட்டவர்களுக்குத்தான் இப்படி வரும் என்று நினைப்போம். ஆனால் இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குமுன் காசநோய் மருந்தே சாப்பிட்டதில்லை. பலர் அதற்குமுன் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள். பெரும்பாலோரிடம் இருந்தது ஏறக்குறைய ஒரே கிருமி. குணமாக வந்த இடத்திலேயே, பக்கத்துக் கட்டிலில் இருமியவரிடமிருந்து காற்றில் பரவியிருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கண்டார்கள். அங்கு வேலை செய்தவர்களையும் அது விடவில்லை.

அன்பு குறைந்ததால் இது நடக்கவில்லை. நெரிசலான வார்டு, போதாத காற்றோட்டம், தாமதமான சோதனை, இவைதான் காரணம். தடுக்கும் வழிகளும் பெரும்பாலும் எளியவையே: ஜன்னல்களைத் திறந்து வைப்பது, இருமுகிறவர்களைத் தனியே அமர்த்துவது, நோயாளிக்கும் நர்சுக்கும் ஏற்ற முகக்கவசம், முடிந்தவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை.

கப்பர்நகூமில் கூட்டம் வழியை அடைத்தபோது, திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நாலு பேர் என்ன செய்தார்கள்? கூரையையே பிரித்தார்கள். ஜெபித்துவிட்டு வாசலில் நிற்கவில்லை. வார்டில் ஜன்னலைத் திறக்கிற கையும் அந்த நாலு பேரின் கை போன்றதுதான்.

நம்மில் நர்சிங் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல முகக்கவசம் கேட்பது அவிசுவாசம் அல்ல. நீங்கள் சுகமாய் இருந்தால்தான் அடுத்த கட்டிலில் இருப்பவரும் பிழைப்பார். மற்றவர்களும் கவனிப்போம்: இருமல் இருக்கும்போது மருத்துவமனைச் சந்திப்புக்குப் போகவேண்டாம், போனில் பேசி ஜெபிப்போம். போகும்போதும் இருவர் மூவராய்ப் போவோம்.

இந்த மாத வாலிபர் கூடுகையில், கிராமத்து மருத்துவமனைகளில் இரவெல்லாம் விழித்திருக்கும் நர்சுகளை ஜெபத்தில் நினைப்போம். அப்படியே, நாம் கூடுகிற அறையின் ஜன்னல்களையும் திறந்து வைப்போம்.