கெடுவும் கேடும்

முன்னெல்லாம் பத்திரிகைக்காரருக்கு நாளுக்கு ஒரு யமன்தான்; அச்சுக்குப் போகும் நேரமே அந்த யமன். 1948-ல் அமெரிக்காவின் ‘சிகாகோ டிரிப்யூன்’, அச்சுக் கோப்போரின் வேலை நிறுத்தத்தால் வழக்கத்துக்கு முன்பே அச்சேறியது. வாக்குகளை எண்ணி முடியுமுன் ட்ரூமன் தோற்றதாகப் போட்டது. வென்ற ட்ரூமனோ அந்தப் பத்திரிகையையே தூக்கிக் காட்டிச் சிரித்தார்!

இணையத்துக்கு அச்சு யந்திரம் இல்லை. ஆகவே கெடுவும் இல்லை என்று எண்ணுவோம். ஆனால் அங்கே ஒவ்வொரு நிமிஷமும் கெடுதான். 2012 ஜூன் 28-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், வைத்திய இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிய விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை முழுதும் படிக்குமுன், ‘விதி ரத்து’ என்று இணையத்திலும் முழங்கிய ஸி.என்.என்., சில நிமிஷங்களில் திருத்திக்கொண்டது.

அன்று யந்திரம் காத்திருக்கவில்லை. இன்று மனிதர் காத்திருப்பதில்லை. கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுச் செய்தி தரும் நிருபருக்காக, வாசகர்களே, நாம் காத்திருப்போமா?