மெய்க்காவல் படையின் ஓட்டக்காரரும் பாடகரும்

நாளிதழ்களில் அரசியல் முதல் பக்கத்திலும் ஓட்டப்பந்தயம் கடைசிப் பக்கத்திலும் இசை ஞாயிறு இணைப்பிலும் அச்சாகின்றன. எத்தியோப்பியாவின் கடந்த நூறாண்டு வரலாற்றுக்கு இந்தப் பக்கப் பிரிப்பு பொருந்தாது. அங்கே நாட்டின் புகழ்பெற்ற ஓட்டக்காரரும் புகழ்பெற்ற பாடகரும் ஒரே படையில் பணியாற்றியவர்கள். ஒரே கிளர்ச்சியின் பேரில் பிடிபட்டவர்கள்.

இசையிலிருந்தே தொடங்கலாம். பின்னாளில் பேரரசர் ஹெய்லி செலாசியாக முடிசூடிய ராஸ் தஃபாரி, 1924இல் எருசலேம் சென்றார். ஆர்மீனியப் படுகொலையில் பெற்றோரை இழந்த 40 சிறுவர்கள் அங்கே பித்தளைக் கருவிகள் வாசிப்பதைக் கேட்டு, அவர்களைத் தம் நாட்டுக்கு அழைத்துவந்தார். அவர்களின் ஆசிரியர் கெவோர்க் நல்பந்தியான் எத்தியோப்பியாவின் அன்றைய தேசிய கீதத்துக்கு இசையமைத்தார். காவல்துறை, ராணுவம், பேரரசரின் மெய்க்காவல் படை ஆகியவற்றின் வாத்தியக் குழுக்கள் இந்த மரபில் வளர்ந்தவை. மெய்க்காவல் படையின் குழுவில் பாடிப் பெயர்பெற்றவர் திலாஹுன் கெசெசெ. அதே படையில் வீரராக இருந்தவர் அபெபெ பிகிலா. அவருக்குப் பயிற்சி அளித்தவர் ஸ்வீடனிலிருந்து வந்த ஒன்னி நிஸ்கானென்.

1960 செப்டம்பர் 10 அன்று ரோம் ஒலிம்பிக்கின் மாரத்தானில் பிகிலா வெறுங்காலுடன் ஓடினார். அந்த வெறுங்கால் இன்றும் பேசப்படுகிறது. அவர் ஓடிய பாதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் அக்சும் நகரின் கல்தூண் நின்றது. எத்தியோப்பியாவை ஆக்கிரமித்த முசோலினியின் படை 1937இல் பெயர்த்து எடுத்துவந்த தூண் அது. அதன் அருகில்தான் பிகிலா வேகத்தைக் கூட்டி, உடன் ஓடிய மொராக்கோ வீரரைப் பின்னுக்குத் தள்ளினார். கான்ஸ்டன்டைன் வளைவின் கீழ் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓட்டம் முடிந்தது. தூணைத் திருப்பித் தருவதாக 1947 உடன்படிக்கையில் ஒப்புக்கொண்ட இத்தாலி, அதை நிறைவேற்றியது 2005இல். பந்தய முடிவை மட்டும் எழுதிய செய்தி இந்த வெற்றியில் பாதியைத்தான் சொன்னது.

மூன்று மாதத்தில் நிலைமை தலைகீழானது. டிசம்பரில், பேரரசர் பிரேசிலில் இருந்தபோது, மெய்க்காவல் படைத் தலைவர் மெங்கிஸ்டு நெவாய் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றார். சில நாட்களில் முயற்சி நசுக்கப்பட்டது, பின்னர் அவர் தூக்கிலிடப்பட்டார். பாடகர் திலாஹுன் சிறிது காலம் சிறையில் இருந்தார். பிகிலாவும் பிடிபட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டார். 1964இல் டோக்கியோவில், குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே, அவர் மறுபடியும் தங்கம் வென்றார். எத்தியோப்பியக் கீதம் வாத்தியக் குழுவிடம் இல்லாததால் அவருக்காக ஜப்பானியக் கீதம் வாசிக்கப்பட்டது.

அதற்கடுத்த பத்தாண்டு அடிஸ் அபாபாவின் இசைப் பொற்காலம். லண்டனிலும் பாஸ்டனிலும் பயின்று திரும்பிய முலாட்டு அஸ்டாட்கே, எத்தியோப்பிய இசையளவைகளை ஜாஸுடன் இணைத்தார். இசைத்தட்டு வெளியிடும் உரிமையை அரசு தன் கையில் வைத்திருந்த காலத்தில், 1969இல் அம்ஹா எஷெட்டே துணிந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். இன்று உலகம் கேட்கும் பல பாடல்கள் அந்தத் துணிவால் கிடைத்தவை. ஏக்கத்தைப் பாடும் திசிதா என்ற இசைவகையின் ஒரு வடிவம் ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களில் அமைகிறது. மோகன ராகத்தின் சுரங்களும் அவையே என்பதால் தமிழ்க் காதுக்கு அது சட்டென்று நெருங்கிவிடும். மோகனத்தின் மலர்ச்சியை மட்டும் அதில் எதிர்பார்க்கக் கூடாது.

1974இல் பேரரசர் பதவியிழந்தார். ஆட்சியைப் பிடித்த தெர்க் ராணுவக் குழுவின் ஊரடங்கில் இரவு விடுதிகள் அடங்கின. கலைஞர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஓட்டக்காரர்களும் தப்பவில்லை. 1976, 1984, 1988 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளை எத்தியோப்பியா புறக்கணித்தது. இடையில் 1980இல் மாஸ்கோவில் மிருட்ஸ் இஃப்டர் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் வென்றார். எஞ்சியவர்களின் நல்ல வயது அரசாங்க முடிவுகளில் கரைந்தது. விளையாட்டில் அரசியல் கூடாது என்பவர்கள் அந்த வீரர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களைக் கேட்டுக்கொண்டு அரசியல் வரவில்லை.

இந்த நூற்றாண்டிலும் அரசியல், ஓட்டம், இசை மூன்றும் பிரியவில்லை. 2015இல் வெளியான ஹச்சாலு ஹுண்டெசாவின் ‘மாலன் ஜிரா’ என்ற பாடல், நிலமிழந்த ஒரோமோ மக்களின் போராட்டக் குரலாயிற்று. இளம்வயதிலேயே அரசியல் காரணத்துக்காக ஐந்தாண்டு சிறையில் இருந்தவர் அவர். மறுஆண்டு ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் இரண்டாவதாக வந்த ஃபெயிசா லிலேசா, முடிவுக்கோட்டில் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிணைத்து உயர்த்தினார். ஒரோமோ போராட்டக்காரர்களின் சைகை அது. ஊர் திரும்பினால் கொல்லப்படலாம் என்று அஞ்சி அவர் அமெரிக்காவில் தங்கினார்; ஆட்சித் தலைமை மாறியபின் 2018 அக்டோபரில்தான் நாடு திரும்பினார். ஹச்சாலு 2020 ஜூன் 29 இரவு அடிஸ் அபாபாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசு இணையத்தைத் துண்டித்தது.

ரியோவில் ஃபெயிசா ஏன் கைகளை உயர்த்தினார் என்பதை விளக்க விளையாட்டுச் செய்தியாளருக்கு ஹச்சாலுவின் பாடல் தெரிந்திருக்க வேண்டும். ஹச்சாலுவுக்காக நாடே ஏன் கொதித்தது என்பதை எழுத இசை விமர்சகருக்கு நில உரிமைப் போராட்டம் தெரிந்திருக்க வேண்டும். எத்தியோப்பியாவைப் பற்றித் தமிழில் எழுத வருபவர்கள் இந்த மூன்றையும் ஒரே கட்டுரையில் எழுதட்டும்.