சூட்டில் மட்டும் பிணங்கும் என்ஜின்

கண்டியில் பிற்பகல் ஒன்றரை மணி என்றால் பாடசாலை விடும் நேரம். பிள்ளையை ஏற்ற வந்தவர்கள் வீதியோரமாகக் காரை நிறுத்துவார்கள். பெற்றோல் விற்கும் விலைக்கு என்ஜினையும் அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றிரண்டு பழைய கார்கள் கிளம்ப மாட்டேன் என்று நிற்கும். பின்னால் ஹோர்ன் முழங்கும். காலையில் வீட்டு முற்றத்தில் ஒரே திருப்பில் கிளம்பிய கார்தான் அதுவும்.

கோளாறின் சூட்சுமம் அந்தக் கால் மணி நேரத்தில் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது வோட்டர் பம்ப் தண்ணீரைச் சுற்றவிடுகிறது, விசிறி காற்றை இழுக்கிறது. அணைத்ததும் பழைய கார்களில் இரண்டும் நின்றுவிடும். இரும்பில் தேங்கிய சூடு போக வழியில்லாமல் போனட்டுக்குள் பரவும். அதனால் காபரேட்டரும் பெற்றோல் குழாயும் ஓடும்போது சுட்டதைவிட, நிறுத்திய பத்து இருபது நிமிடத்தில்தான் அதிகம் சுடும். பெற்றோலில் உள்ள இலேசான கூறுகளோ 40 பாகை செல்சியஸை அண்டியே கொதிக்கத் தொடங்கிவிடும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் குளிர்ந்த ஊரில் இப்படியா என்று கேட்கலாம். ஊர் குளிர்ந்ததுதான், ஊருக்கு வரும் ஏற்றம் அப்படியல்ல. மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவை மேட்டில் கார்கள் சின்ன கியரில் முனகி ஏறும். கப்டன் டோசன் 1820களில் இந்த வீதியை அமைத்தபோது அதில் மோட்டார் வண்டி வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. மேட்டில் ஏறியதும் தேநீருக்காக நிறுத்துகிறோம். தேநீர் ஆறுவதற்குள் என்ஜினறை கொதித்துவிடுகிறது.

இது பழைய கார்க்காரர்களின் பாடு என்று ஒதுக்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கனத்த வரியோடு. இடைப்பட்ட காலத்தில் 80களின் கார்களும் 90களின் கார்களும் நம் வீதிகளில் ஓய்வில்லாமல் ஓடின. இன்னும் ஓடுகின்றன.

இத்தகைய காரைக் கராஜுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும்? பல்வைத்தியரின் வாசலை மிதித்ததும் பல்வலி பறப்பதுபோல, ஆறிய கார் அங்கே அழகாகக் கிளம்பும். பிறகு ஊகம்தான். முதலில் புதுப் பற்றரி, அடுத்து கொயில், அதற்கடுத்து பிளக். காசு கரையும், கோளாறு அப்படியே இருக்கும். ஊகத்துக்குப் பதிலாக, கார் நின்ற இடத்திலேயே மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

முதற்கேள்வி: செல்ஃப் மோட்டர் வழமையான வேகத்தில் சுற்றுகிறதா? ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, பெற்றோலையும் பிளக்கையும் மறந்துவிடுங்கள். செம்புக் கம்பி சூடானால் அதன் மின்தடை கூடும். மோட்டரோ புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வேகிறது. என்ஜினுக்கும் பொடிக்கும் இடையிலான ஏர்த் வயர் துருப்பிடித்திருந்தால் அதுவே போதும். பற்றரி பெரும்பாலும் நிரபராதி.

இரண்டாவது: நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால், தீப்பொறி வருகிறதா? சூட்டில் உள்ளே அறுபட்டு ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் கொயில்களும் கொண்டென்சர்களும் உண்டு. சாவியை அணைத்துவிட்டுக் கொயிலின் உடலில் ஈரத்துணி சுற்றிப் பாருங்கள். உடனே கிளம்பினால் குற்றவாளி அகப்பட்டான். இன்ஜெக்‌ஷன் கார்களில் இதே வேலையைச் செய்வது கிராங்க் சென்சர். அது சூட்டில் மௌனமானால் தீப்பொறியும் இல்லை, பெற்றோலும் இல்லை.

மூன்றாவது: தீப்பொறி இருந்தால், பெற்றோல் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? பிளக் நனைந்து மணம் வீசினால் கூடிவிட்டது. அக்சிலேட்டரை அடிக்கடி மிதிக்காமல், அடிவரை ஒரே மிதியாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பிளக் காய்ந்திருந்தால் குழாயிலோ பம்பிலோ ஆவி அடைத்திருக்கிறது. பம்பின்மேல் ஈரத்துணி போடுங்கள். இன்ஜெக்‌ஷன் காரில் சாவியை ‘ஒன்’ நிலையில் இரண்டு செக்கன் வைத்து அணைத்து, மறுபடியும் அப்படிச் செய்துவிட்டுக் கிளப்பிப் பாருங்கள். அப்போது கிளம்பினால் நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் வடிந்துபோகிறது என்று அர்த்தம். என்ஜின் சூடாக இருக்கும்போதே ‘குளிர்’ என்று பொய் சொல்லும் வெப்பச் சென்சரும் பெற்றோலை அளவுக்கு மீறி ஊற்றவைக்கும்.

வெயிலில் நிறுத்திய 90களின் ஹொண்டாக்களில் இன்னொன்றையும் பார்க்கலாம். டேஷ்போர்டுக்குக் கீழிருக்கும் மெயின் ரிலேயில் ஈயப்பற்று விரிசல் விட்டால், சாவியைத் திருப்பும்போது பெற்றோல் பம்பின் ரீங்காரம் கேட்காது. பற்றை மறுபடி உருக்கி ஒட்டினாலே பல ரிலேக்கள் பிழைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: பெற்றோல் மணம் வீசும் இடத்தில் தீப்பொறிச் சோதனை செய்ய வேண்டாம். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

அடுத்தமுறை கராஜுக்குப் போகும்போது காரை ஆறவிட்டுக் கொண்டுபோகாதீர்கள். கட்டுகஸ்தோட்டையோ பேராதனையோ ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கராஜ் பாஸின் கண்முன்னே நிறுத்தி அணையுங்கள். பதினைந்து நிமிடம் அவரோடு பேசிக்கொண்டிருங்கள். பிறகு சாவியை அவரிடமே கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். கோளாறைக் கண்ணால் பார்த்த பிறகும் அவர் சோதிக்காமலே புதுப் பற்றரி வாங்கச் சொன்னால், கராஜை மாற்றுங்கள்.