சீட்டைக் கலைக்கும் முன்

முதலீட்டைக் கற்பிக்கச் சீட்டாட்டமா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் ஏலச்சீட்டில் தள்ளு எவ்வளவு போகும் என்று மனக்கணக்குப் போடும் தாராவித் தமிழருக்குச் சீட்டு என்றால் சேமிப்பும் உண்டு, சூதும் உண்டு.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ‘செபி’ வாரியம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு கவலை தருவது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ‘எஃப் அண்ட் ஓ’ என்னும் முன்பேர ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். 2023-24-ல் இதில் ஈடுபட்டவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள்.

எத்தகைய ஆட்டம் என்பதே கேள்வி. 1904-ல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பிட்’ ஆட்டத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கூவித் தானியச் சீட்டுகளை மாற்றிக்கொள்வர். கலகலப்புக்குக் குறைவில்லை. அது சந்தையின் இரைச்சலைக் கற்பிக்கும், பொறுமையைக் கற்பிக்காது.

புதிய ஆட்டத்தை வகுப்போர் ஒரு சுற்றை ஓர் ஆண்டாகக் கொள்ளட்டும். வைப்புநிதி, தங்கம், பங்கு ஆகியவற்றுடன் ஆஸ்பத்திரிச் செலவு, தங்கை கல்யாணம், ஆலை மூடல் என்ற சீட்டுகளும் கட்டில் இருக்கட்டும். கையில் ரொக்கம் இல்லாதவர் பங்கை அடிமாட்டு விலைக்கு விற்க நேரும். பாடமே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு விற்பனையிலும் தரகு கழிய வேண்டும். 20 சுற்றுக்கு முன் யாரும் ஜெயிக்கக் கூடாது. பந்தயப் பணம் அறவே ஆகாது.

தமிழ்ச் சங்கங்கள் இதை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிப் பார்க்கலாம். சம்பளம் வாங்கிய மறு ஞாயிறு என்றால் இன்னும் நல்லது.