நிரலை வாசிக்கக் கற்றுத்தரும் சனிக்கிழமைகள்

“புரோகிராம் எழுதுவதை ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, இனிமேல் பிள்ளையை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா?” பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் உறவினர், அக்கம்பக்கத்தினர், பழைய தோழிகள் என்று யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக நிரலாளராக இருக்கிறேன். சேர்க்கலாம் என்றுதான் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்கிறேன்: எங்கள் வேலையில் நிரல் எழுதுவது சிறு பகுதி; பெரும்பகுதி மற்றவர் எழுதிய நிரலை வாசித்துப் புரிந்துகொள்வது. அந்த வாசிப்பு கைவந்தவருக்கு வேலை இருக்கும். அதை நம் கல்லூரிகள் சொல்லித்தருவதில்லை. சொல்லித்தரும் இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மாணவர்களில் பெரும்பாலோருக்கு அவை இருப்பதே தெரியாது.

ஒரு வரி திருத்தம்

காலையில் ஸ்டாண்ட்-அப். நேற்று என்ன முடித்தோம், இன்று எதை எடுக்கிறோம், எங்கே சிக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று ஆளுக்கு இரண்டு வாக்கியம். அதன் பிறகு டிக்கெட், அதாவது பதிவாகி வந்த புகார். உதாரணத்துக்கு ஒன்று: “ரசீதில் வாடிக்கையாளர் பெயர் பாதிதான் வருகிறது.” இதற்கு மேல் அதில் ஒரு விவரமும் இருக்காது.

மென்பொருள் தன் இயக்கத்தைக் குறித்துவைக்கும் லாகைத் திறந்தால் பிழை எதுவும் பதிவாகவில்லை. சரி, எல்லாப் பெயருக்கும் இப்படியா? ‘கலா’ ஒழுங்காக அச்சாகிறது. ‘தமிழ்ச்செல்வன்’ மட்டும் ‘தமிழ்ச்செல’ என்று வருகிறது. ரசீதில் பெயருக்கு ஒதுக்கிய இடம் 10 எழுத்து. தமிழ்ச்செல்வன் என்பதை விரல்விட்டு எண்ணினால் எட்டே எழுத்து. இடம் மிச்சமிருக்கும்போது பெயர் ஏன் வெட்டுப்பட வேண்டும்?

விடை, எழுத்துக் குறிகளுக்குக் கணினி எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் இருக்கிறது. அகர வரிசை தவிர்த்த உயிர்மெய்களுக்கும், புள்ளி வைத்த மெய்களுக்கும் அதில் தனி எண் கிடையாது. ‘மி’ என்றால் மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. ‘ழ்’ என்றால் ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. நமக்கு மூன்றெழுத்தான ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் 5 என்று சொல்லும். தமிழ்ச்செல்வனுக்கு 14. ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து யாரோ எழுதிய ஃபங்ஷன் என்னும் நிரல் துண்டு, முதல் 10 குறியீடுகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடுகிறது. ‘ல்’ என்பதன் புள்ளி அதில்தான் போயிற்று.

காரணம் தெரிந்துவிட்டால் திருத்தம் சுலபம். தமிழ்ச் சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தர, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை தொடங்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் தொகுப்பு இருக்கிறது. ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால், மாற்றுவதற்கு முன் இந்த ஃபங்ஷனை வேறு யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடியாக வேண்டும். தேடினால், குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியும் இதையே நம்பியிருக்கிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழில் அனுப்பினால் 70 குறியீடுதான். அங்கே புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுவதே சரி. ரசீதுக்காகச் செய்த திருத்தத்தை அப்படியே விட்டால், ஒரு செய்தி இரண்டாக உடைந்து கட்டணம் இரட்டிப்பாகும். ஆகவே ரசீதுக்கு ஒரு கணக்கு, குறுஞ்செய்திக்கு ஒரு கணக்கு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். காலை முழுக்க வாசிப்பு; எழுதியது சில வரிகள்.

ரசீது ஃபங்ஷனை மட்டும் காட்டித் திருத்தச் சொன்னால் ஏஐ கருவி நொடியில் திருத்தித் தரும். நானும் அன்றாடம் அதைப் பயன்படுத்துகிறேன், நல்ல உதவி. ஆனால் குறுஞ்செய்திப் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதும், அது தந்த விடையை வரி வரியாக வாசித்து ஒப்புக்கொள்வதும் மனிதரின் பொறுப்பு. கருவி எவ்வளவு வேகமாக எழுதித் தள்ளுகிறதோ, அவ்வளவுக்கு வாசிக்கும் பொறுப்பு நம் தலையில் ஏறுகிறது.

ரெக்கார்டு நோட்டு போதாது

இந்த வேலைக்குக் கல்லூரி எப்படித் தயார் செய்கிறது? தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாருக்கும் லேப் ரெக்கார்டு நோட்டு நினைவிருக்கும். எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட். கடைசி வரியில் எல்லோருக்கும் ஒரே ரிசல்ட்: புரோகிராம் வெற்றிகரமாக இயங்கியது. இயங்காத புரோகிராமுக்கு அந்த நோட்டில் இடமே இல்லை. ஏன் இயங்கவில்லை என்று தேடியதற்கு மதிப்பெண்ணும் இல்லை. நான்கு ஆண்டுகளில், தன் வகுப்புக்கு வெளியே ஒருவர் எழுதிய ஆயிரம் வரி நிரலை ஒரு மாணவி திறந்து வாசிக்க வேண்டிய கட்டாயம் ஒருமுறைகூட வருவதில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அவள் எதிரே விரிவது லட்சக்கணக்கான வரிகள். எழுதியவர்களில் பாதிப்பேர் நிறுவனத்தைவிட்டுப் போயிருப்பார்கள்.

பேராசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாடத்திட்டம், தேர்வு, நிர்வாக வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் எனக்குத் தெரியும். நிறுவனங்கள் தரும் பயிற்சியோ, அந்தந்த புராஜெக்ட்டுக்குத் தேவையானதோடு நின்றுவிடுகிறது. யூடியூபில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அது நம் நிரலைப் பார்த்து “இந்த வரி எதற்கு?” என்று கேட்பதில்லை. கேட்பதற்கு மனிதர்கள் வேண்டும்.

கேள்விக்குக் கூச்சப்படாத இடம்

அப்படிப்பட்ட மனிதர்களை நான் கண்டது பயனர் குழுக்களில். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவதை நெடுங்காலம் வழக்கமாக வைத்திருந்தது. பைத்தான் நிரலாளர்களுக்கு ‘சென்னைபை’ குழு. அவர்களுக்கு நான்காவது சனிக்கிழமை. காஞ்சிபுரம் லினக்ஸ் குழு ஞாயிறுதோறும் இணையம் வழியாகத் தமிழிலேயே பேசுகிறது. விழுப்புரத்தில் ஒரு குனு லினக்ஸ் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறது. ‘கணியம்’ இணையத்தளம் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் குறித்த கட்டுரைகளையும் நூல்களையும் யார் வேண்டுமானாலும் பகிரும் உரிமத்தில் தமிழில் வெளியிட்டு வருகிறது. பைகான் இந்தியா மாநாடு 2019இல் சென்னை வர்த்தக மையத்தில் நடந்தபோது, இங்கே இத்தனை பேர் இருக்கிறோமா என்று எங்களுக்கே மலைப்பாக இருந்தது.

இந்தக் கூட்டங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை. புரொஜெக்டரில் ஒருவர் தன் நிரலைக் காட்டுவார். பின்வரிசையிலிருந்து யாரோ நிறுத்தச் சொல்வார்கள். தமிழ் எழுத்துகளின் நீளம் பற்றி ஒரு கூட்டத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, அப்படீன்னா பேரைத் திருப்பிப் போட்டா புள்ளி எங்க போகும்?” உடனே செய்து பார்த்தோம். ‘தமிழ்’ என்பதைப் பைத்தானில் தலைகீழாக்கினால், ழகரத்தைவிட்டுப் பிரிந்த புள்ளி எதிலும் ஒட்டாமல் முதலில் வந்து நின்றது; மகரத்தின் இகரக் குறி ழகரத்தோடு சேர்ந்து ‘ழி’ ஆகிவிட்டது. அடுத்த அரை மணி நேரம் அந்த அறையில் இருந்த எல்லோரும், எழுத்தைச் சரியாகப் பிரிக்கும் நிரலை வரி வரியாக வாசித்தோம். குறி வந்தால் முந்தைய எழுத்தோடு சேர், இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்கு என்பதுதான் அதன் சாரம். அதை எங்களுக்குத் திரும்ப விளக்கிக் காட்டியவள் அந்த மாணவிதான்.

அவள் தமிழ்வழியில் படித்தவள். இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும் என்றால் வாயே திறந்திருக்க மாட்டாள். நல்ல கேள்வி கேட்பது எங்கள் தொழிலின் மூலதனம். அது முதலில் தாய்மொழியில் வரட்டும். ஆங்கிலம் வேலையோடு வேலையாக வந்துவிடும்.

பழக்கங்களும் இங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன. மாற்றத்தைச் சேமிக்கும்போது கமிட் குறிப்பில் வெறுமனே ‘ஃபிக்ஸ்டு’ என்று எழுதாதே. எதை, ஏன் மாற்றினாய் என்று எழுது. மூன்று வருடம் கழித்து வாசிப்பவருக்கு அதுதான் துணை. இதை எனக்குச் சொன்னது பாடப்புத்தகம் அல்ல; கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது ஒரு மூத்த நிரலாளர். ஒருவர் அனுப்பிய நிரலில் குறை இருந்தால் அதை அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது, நம் நிரலில் சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதும் அப்படி வந்ததே.

தனி ஒருவர் தோளில்

இந்தக் குழுக்களை வளர்ப்பதில் நிறுவனங்களுக்கும் பங்கிருக்கிறது. லினக்ஸ், பைத்தான், போஸ்ட்கிரெஸ் என்று எங்கள் அலுவலகங்கள் நம்பியிருப்பவை எல்லாம் பலர் சேர்ந்து வளர்த்துப் பொதுவில் வைத்தவை. அவற்றில் சில, தனி ஒருவரின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்கின்றன. அதன் ஆபத்தை 2024இல் உலகமே பார்த்தது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இஸட் என்ற மென்பொருளைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் ஒருவரே பராமரித்து வந்தார். உதவுவதாக வந்து, சில ஆண்டுகளில் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பங்களிப்பாளர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர். எஸ்எஸ்ஹெச் வழியாகக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவது அவர் கண்ணில் பட்டது. ஏன் என்று விடாமல் தோண்டினார். பெரும்பாலான கணினிகளுக்கு அது போய்ச் சேரும் முன்பே ஆபத்து தடுக்கப்பட்டது.

அரை விநாடியைக் கவனித்த அந்த மனப்பழக்கம் எந்த நிறுவனத்துக்கும் வேண்டும். பராமரிக்க நாலு பேர் கூடுதலாக இருந்திருந்தால், அந்தத் தனி மனிதர் அந்நியரின் உதவியை அவ்வளவு நம்பியிருக்க வேண்டியதில்லை. அப்படிக் கைகொடுக்கக்கூடிய நாலு பேர் இங்கே உள்ளூர்க் குழுக்களில்தான் உருவாகிறார்கள்.

ஒரு அறை போதும்

இந்தக் குழுக்களுக்குத் தேவை பெரிய நிதி அல்ல, இடம். ஒவ்வொரு மாதமும் அறை தேடுவதிலேயே ஒருங்கிணைப்பாளர்களின் பாதி சக்தி போகிறது. கடிதம் கொடு, அனுமதி வாங்கு, காவலாளியிடம் பெயர்ப் பட்டியல் கொடு என்று அலைந்து ஓய்ந்துபோன நல்லவர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக் கல்லூரிகள் இருக்கின்றன. சனிக்கிழமை பிற்பகலில் அவற்றின் ஆய்வகங்கள் பல பூட்டியே கிடக்கின்றன.

கல்லூரி முதல்வர்களிடம் என் வேண்டுகோள் இது: மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று மணி நேரம், ஒரு அறை, ஒரு புரொஜெக்டர், இணைய இணைப்பு. உங்கள் மாணவர்களோடு வெளியாட்களும் வரட்டும். நேரத்தைப் பெண்களை மனத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். விடுதி வாசல் மூடுவதற்கு முன் திரும்ப முடியாத கூட்டத்துக்கு எந்த மாணவியும் வர மாட்டாள். பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை இருந்தால் இன்னும் நல்லது. நிறுவனங்கள், இந்தக் கூட்டங்களில் பேசவும் கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கவும் செலவிடும் நேரத்தை ஊழியரின் வேலை நேரமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாம் தெரிந்துகொண்டு வருகிறேன் என்று காத்திருக்காதீர்கள். தெரியாததைக் கேட்கத்தான் அந்த அறை. உங்கள் ஊரில் குழு இருந்தால் இந்த மாதமே போங்கள். இல்லையென்றால் நான்கு நண்பர்கள் சேர்ந்து, யாரோ எழுதிய நிரல் ஒன்றைத் திறந்து வைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்குங்கள். குழு அங்கிருந்தே தொடங்கிவிடும்.